சீருடையைக் கழற்றிய பிறகு ஏறும் எடை: அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான ‘மூவ்’ சேவை, ஒரு மதிப்புரை

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை, பேச்சுவழக்கில் வி.ஏ., ‘மூவ்’ என்ற பெயரில் ஓர் எடைக் கட்டுப்பாட்டுச் சேவையை 2006ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் நடத்திவருகிறது. என் கணவர் அந்நாட்டுத் தரைப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி, உயர் ரத்த அழுத்தம், எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்ட சர்க்கரை ஆகிய மூன்றோடும் அவர் இந்தச் சேவையில் சேர்ந்தார். வீட்டில் உள்ளவர்களும் உடன் வரலாம் என்று சொன்னதால் பெரும்பாலான அமர்வுகளில் நானும் அமர்ந்திருந்தேன். அங்கே பார்த்ததையும், இந்தச் சேவையைப் பற்றி வெளிவந்துள்ள ஆய்வுகளில் படித்ததையும் சேர்த்து இம்மதிப்புரையை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடத்திட்டம் தரமானது, நடத்துபவர்கள் அக்கறையுள்ளவர்கள், கட்டணம் கிடையாது. ஆனால் அரைகுறையாகப் போய்வந்தால் பயன் மிகக் குறைவு. அதோடு, இச்சேவை ஒரு வீரரின் வாழ்க்கையில் வரவேண்டிய காலத்தைத் தாண்டித்தான் வந்து சேர்கிறது.

சேவையை மதிப்பிடுவதற்கு முன், படையில் இருந்தவருக்கு ஏன் தனியாக ஓர் எடைத் திட்டம் வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கணக்காக அதிகாலையில் ஓடியவர், முதுகில் மூட்டையைச் சுமந்து மைல்கணக்கில் நடந்தவர், அவருக்கு எப்படித் தொப்பை விழும் என்று உறவினர்கள் வியப்போடு கேட்பதுண்டு. அந்த வியப்புக்குள் ஒரு குற்றச்சாட்டும் ஒளிந்திருக்கிறது, ஓய்வு கிடைத்ததும் சோம்பிவிட்டார் என்று. அப்படிப் பேசுகிறவர்கள் புள்ளிவிவரங்களைப் பார்க்க வேண்டும். 2014ஆம் ஆண்டில் வி.ஏ.யின் முதல்நிலை மருத்துவச் சேவையைப் பயன்படுத்திய சுமார் 50 லட்சம் முன்னாள் வீரர்களை ஆராய்ந்தபோது, அவர்களில் 41 விழுக்காட்டினருக்கு உடற்பருமன் இருந்தது. பெண்களில் இது 44 விழுக்காடு. வி.ஏ.யில் சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. லட்சக்கணக்கான மனிதர்கள் ஒரே வேலையைச் செய்துவிட்டு வந்து ஒரே விதமாக நோயுறும்போது, காரணத்தை அவர்களுடைய மன உறுதியில் தேடுவது நியாயமில்லை. அந்த வேலையில்தான் தேட வேண்டும்.

வேலை என்ன செய்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். புதிதாகச் சேர்பவருக்கு அடிப்படைப் பயிற்சியில் சாப்பிடக் கிடைப்பது சில நிமிடங்களே. அவசரமாக விழுங்கிவிட்டு ஓட வேண்டிய அந்தப் பழக்கம் உடலில் ஊறிப்போய், முப்பது ஆண்டுகள் கழித்தும் வீட்டு மேசையில் தொடர்கிறது. வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய இருபது நிமிடங்கள் ஆகும். தட்டு அதற்குள் இரண்டு முறை காலியாகிவிடும். பணியில் இருந்த காலத்தில் செலவான கலோரிக்கு அந்த அளவு பொருத்தமாக இருந்தது. பணி முடிந்த பிறகு செலவு வெகுவாகக் குறைகிறது, பசியோ பழைய அளவிலேயே நிற்கிறது. இதற்கிடையில் முதுகும் முழங்காலும் கணுக்காலும் தேய்ந்திருக்கும். ஓடிப் பழகியவருக்கு உடற்பயிற்சி என்றாலே ஓட்டம்தான். ஓட முடியாமல் போனதும் உடற்பயிற்சியே முடிந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொள்கிறார்.

2001ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு இன்றும் தொடரும் ‘மில்லேனியம் கோஹார்ட்’ என்ற பேராய்வு, வீரர்களைப் பணியிலும் பணிக்குப் பிறகும் பின்தொடர்ந்து அவர்களது உடல்நிலையைப் பதிவுசெய்கிறது. அதிலிருந்து தெரியவரும் ஒரு செய்தி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எடை வேகமாக ஏறுவது, பணியை விட்டு விலகும் காலத்தை ஒட்டியும் அதற்கு முந்தைய சில ஆண்டுகளிலும்தான். ஆக, வி.ஏ.யின் வாசலுக்கு ஒருவர் வந்து சேரும்போது ஏறவேண்டிய எடையில் பெரும்பகுதி ஏறி முடிந்திருக்கிறது. பணியை விட்டு விலகி வி.ஏ.யில் சேரும்வரை உள்ள இடைவெளியில் அவரைக் கவனிக்க யாரும் இருப்பதில்லை. படை அவரைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டது, வி.ஏ. இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

பணியில் இருக்கும்போது படை எடையைக் கவனிக்காமல் இருக்கிறதா என்றால், மிகக் கடுமையாகவே கவனிக்கிறது. தரைப்படையின் நீண்டகால விதிப்படி உயரத்துக்கேற்ற எடையைத் தாண்டியவருக்கு நாடாவால் உடலை அளந்து கொழுப்பின் விழுக்காட்டைக் கணக்கிட்டுவந்தார்கள். ஆண்களுக்கு வயதைப் பொறுத்து 20 முதல் 26 விழுக்காடு வரை, பெண்களுக்கு 30 முதல் 36 விழுக்காடு வரை என்பது நீண்ட காலமாக இருந்துவந்த வரம்பு. தாண்டினால் பதவி உயர்வு நிற்கும், பயிற்சிப் பள்ளிகளுக்குப் போக முடியாது. குறிப்பிட்ட காலத்துக்குள் குறைக்காவிட்டால் பணியே போகலாம். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தரைப்படை தன் அளவுமுறையை மாற்றி, கழுத்து, இடுப்பு என்று பல இடங்களில் அளப்பதைவிட்டு வயிற்றை மட்டும் அளக்கும் முறைக்கு வந்தது. இத்தனை கெடுபிடி இருந்தும், பணியிலிருக்கும் வீரர்களிடையே உடற்பருமன் 2018இல் 16 விழுக்காடாக இருந்து 2021இல் ஏறத்தாழ 19 விழுக்காடாக உயர்ந்தது. கொரோனாக் காலத்தில் மட்டும் தரைப்படையில் சுமார் 10,000 பேர் புதிதாக உடற்பருமன் நிலைக்கு வந்தார்கள் என்று ராணுவ மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

தண்டனையை முன்னிறுத்தும் அந்த முறை விட்டுச்செல்லும் தீய பழக்கம் ஒன்றைக் குழு அமர்வில் நேரிலேயே கேட்டேன். எங்கள் குழுவில் முன்னாள் கடற்படையினர் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு எடைப் பரிசோதனைக்கு முன்பும் பட்டினி கிடந்து, நீராவி அறையில் உட்கார்ந்து வியர்வையாக நீரை வெளியேற்றி, பரிசோதனை முடிந்த அன்றே வயிறு புடைக்கச் சாப்பிடுவது தன் கப்பலில் எல்லாரும் செய்ததுதான் என்று அவர் சொன்னபோது, அறையில் இருந்த அத்தனை தலைகளும் ஆமோதித்து அசைந்தன. மலமிளக்கி மாத்திரை விழுங்கியவர்களும் இருந்தார்கள். பட்டினியும் பெருந்தீனியும் மாறி மாறி வரும் இந்தச் சுழல் ஓய்வுக்குப் பிறகு தானாக மறைவதில்லை. பரிசோதனைதான் மறைகிறது, பெருந்தீனி தங்கிவிடுகிறது.

இந்தப் பின்னணியை அறிந்தவர்கள் வடிவமைத்த சேவை என்பதுதான் ‘மூவ்’ திட்டத்தின் முதல் பலம். பொதுச் சந்தையில் பணம் வாங்கிக்கொண்டு நடத்தப்படும் எடைக்குறைப்புத் திட்டங்களில் இந்த அறிவு இருக்க வாய்ப்பில்லை. சேர்வதும் எளிது. வி.ஏ.யில் பதிவு செய்திருந்தால் போதும், உங்கள் முதல்நிலை மருத்துவக் குழுவிடம் கேட்டால் பரிந்துரைத்துவிடுவார்கள். எடை மேலாண்மை ஆலோசனைக்கு இணைக்கட்டணம், அதாவது நோயாளி தன் பங்காகக் கட்டும் தொகை, வாங்கக் கூடாது என்பது விதியாகவே இருக்கிறது. முதலில் 11 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். உணவு, நடமாட்டம், தடைகள், உடல்நலச் சிக்கல்கள் ஆகியவற்றைக் கேட்டு, உங்களுக்கே உரிய ஓர் அறிக்கையைத் தருகிறார்கள். அதன்பின் குழுவாகக் கூடுவது, தனியே ஆலோசனை பெறுவது, தொலைபேசி, காணொளி, வீட்டில் கருவியை வைத்து அன்றாடம் பதில் அனுப்பும் முறை, கைப்பேசி ஆப் என்று பல வழிகள் உண்டு. எந்த ஊரில் எது கிடைக்கும் என்பது அந்தந்த மருத்துவமனையைப் பொறுத்தது.

இவற்றில் நான் பரிந்துரைப்பது குழு அமர்வைத்தான். ஆப் நன்றாகவே இருக்கிறது. எடையையும் உணவையும் நடந்த நேரத்தையும் குறித்துவைக்கலாம், பாடங்களைப் படிக்கலாம். வேலை நேரம் ஒத்துவராதவர்களுக்கும் மருத்துவமனைக்குத் தொலைவில் இருப்பவர்களுக்கும் அது பெரிய உதவி. ஆனால் படையில் இருந்தவர்கள் தனியாக எதையும் செய்து பழகாதவர்கள். பக்கத்தில் இருப்பவர் நடக்கும்போது தானும் நடப்பார்கள், அவர் நின்றால் தானும் நிற்பார்கள். அந்த இயல்பு குழுவில் நல்ல விதமாக வேலை செய்கிறது. எங்கள் குழுவில் எடை பார்ப்பது ஒவ்வொருவராக, திரைக்குப் பின்னால்தான். எண்ணை உரக்கச் சொல்வதில்லை. நாடாவோடு நின்ற அதிகாரியின் முகத்தை இன்னும் மறக்காதவர்களுக்கு இந்தச் சிறிய ஏற்பாடு எவ்வளவு பெரிய மரியாதை என்பதை அவர்களுடைய முகங்களிலேயே பார்த்தேன்.

பாடங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பயிற்சி நூல் எளிய மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. இலக்கு வைப்பது, உணவுக் குறிப்பேடு எழுதுவது, பொட்டலத்தின் மேலுள்ள சத்து விவரத்தைப் படிப்பது, தட்டில் பாதியைக் காய்கறிக்கு ஒதுக்குவது, வெளியில் சாப்பிடும்போது அளவைக் கட்டுப்படுத்துவது, மன அழுத்தத்தில் சாப்பிடுவதைக் கண்டுகொள்வது, தூக்கம், சறுக்கிய பிறகு மீண்டும் தொடங்குவது என்று அத்தியாயங்கள் போகின்றன. இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. 2002இல் வெளிவந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உடல் எடையில் 7 விழுக்காடு குறைப்பு, வாரத்துக்கு 150 நிமிட நடை என்ற இரண்டே இலக்குகளை வைத்து நடத்திய பயிற்சி, நீரிழிவு வரும் வாய்ப்பை 58 விழுக்காடு குறைத்தது. ‘மூவ்’ அதே வழியில்தான் நடக்கிறது. மாயம் காட்டுவதாகச் சொல்லாத இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

உணவுக் குறிப்பேடு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு என் கணவரின் ஒரு நாள் பக்கத்தையே சொல்லலாம். மூன்று வேளை உணவை ஒழுங்காக, ராணுவ அறிக்கை போல மணி குறித்து எழுதியிருந்தார். உணவியல் நிபுணர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, உணவின் பெயரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “சாப்பிட ஆரம்பித்தது இங்கே இருக்கிறது, முடித்தது எத்தனை மணிக்கு?” என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் முடித்த நேரத்தையும் எழுதிப் பார்த்தபோது எந்த வேளையும் ஏழு நிமிடத்தைத் தாண்டவில்லை. கலோரியைக் கணக்கிடச் சொல்வதற்கு முன், அதே அளவு உணவை இருபது நிமிடத்தில் சாப்பிட்டு வாருங்கள் என்பதையே அவருக்கு முதல் இலக்காக வைத்தார். கரண்டியை ஒவ்வொரு வாய்க்கும் இடையில் கீழே வைக்க வேண்டும். கேட்பதற்குச் சிறிய செயல். ஆனால் அவருக்கு அது ஓட்டப் பயிற்சியைவிடக் கடினமாக இருந்தது. அந்த ஒன்று படிந்த பிறகுதான் இரண்டாவது முறை பரிமாறிக்கொள்வது நின்றது.

இலக்குகளின் அளவும் பாராட்டத்தக்கது. வாரத்துக்கு அரை பவுண்டு முதல் இரண்டு பவுண்டு வரை குறைந்தால் போதும் என்கிறார்கள். 220 பவுண்டு எடையுள்ளவருக்கு 5 விழுக்காடு என்பது 11 பவுண்டு. கண்ணாடியில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஆகியவை அந்த அளவிலேயே இறங்கத் தொடங்குகின்றன, முழங்காலும் அதை உணர்கிறது. இளமையில் இருந்த எடைக்கே திரும்பிவிட வேண்டும் என்று பிடிவாதமாக வரும் முன்னாள் வீரர்களுக்கு இதைப் புரியவைக்கவே பல அமர்வுகள் தேவைப்படுகின்றன.

இனி குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை, எத்தனை பேர் எவ்வளவு நாள் வருகிறார்கள் என்பதில் இருக்கிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, தகுதியுடைய சுமார் 18 லட்சம் முன்னாள் வீரர்களின் பதிவுகளைப் பார்த்தது. அவர்களில் 13 விழுக்காட்டினரே ‘மூவ்’ திட்டத்தில் சேர்ந்திருந்தார்கள். சேர்ந்தவர்களிலும், ஆறு மாதங்களுக்குள் குறைந்தது எட்டு அமர்வுகள் என்ற அளவில் தொடர்ந்து வந்தவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்படித் தொடர்ந்து வந்தவர்களுக்கு, சேராதவர்களோடு ஒப்பிடும்போது நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அவர்களுடைய எடையோ மூன்றாண்டு முடிவில் சராசரியாக 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான் குறைந்திருந்தது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தராசு சொல்வது சிறிய மாற்றம். உடம்புக்குள் நடப்பது அதைவிடப் பெரியது. ஆனால் அதைப் பெற வேண்டுமானால் வந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டு அமர்வோடு நின்றுவிட்டுத் திட்டம் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள், மருந்தை இரண்டு வேளை மட்டும் குடித்துவிட்டுக் காய்ச்சல் போகவில்லை என்று மருந்தைக் குறைசொல்பவர்களைப் போன்றவர்கள்.

வருவதில்லை என்று வீரர்களை மட்டும் குறைசொல்லிவிடவும் முடியாது. பல ஊர்களில் மருத்துவமனை வெகு தொலைவில் இருக்கிறது. பகல்நேர அமர்வுகள் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒத்துவராது. முன்னாள் வீரர் என்றாலே முதியவர் என்ற எண்ணத்தில் நேரம் குறிக்கப்படுவதால், முப்பது வயதில் பணியை விட்டு வந்து சிறு குழந்தைகளோடு இருப்பவர்கள் விடுபட்டுப் போகிறார்கள். அறையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பணிக்காலத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் அப்படிப்பட்ட அறைக்குள் எளிதாக வந்து உட்கார மாட்டார்கள். பெண்களுக்கெனத் தனிக்குழு, அல்லது குறைந்தபட்சம் காணொளிக் குழு எல்லா இடங்களிலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெண் முன்னாள் வீரர்களிடையே உடற்பருமன் கூடுதலாக இருக்கும்போது இது சலுகை ஆகாது.

அடுத்து, எடையோடு சேர்ந்து வரும் நோய்கள். இந்தப் பகுதியில்தான் சேவையைப் பெறுபவர் விழிப்போடு இருக்க வேண்டும், ஏனென்றால் ‘மூவ்’ அமர்வு தனியாகவும் மற்ற சிகிச்சைகள் தனியாகவும் ஓடிக்கொண்டிருக்கும். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா முன்னாள் வீரர்களிடையே மிகவும் பரவலாக உள்ளது. எடை கூடினால் தொண்டைப் பகுதி நெருக்கப்பட்டு மூச்சு தடைபடுகிறது. தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஏறி, மறுநாள் இனிப்பையும் கொழுப்பையும் தேடிப் போகச் செய்கின்றன. நடக்கவும் தெம்பு இருப்பதில்லை. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். குறட்டை பெரிதாக இருக்கிறது, பகலில் கண் செருகுகிறது என்றால் எடைக்குறைப்பு அமர்வு தொடங்கும்போதே தூக்கப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். மூச்சுப்பாதை அடைபடாமல் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சீபேப் கருவியை மாட்டிக்கொண்டு தூங்கத் தொடங்கிய பிறகுதான் என் கணவருக்கு மாலையில் நடக்கத் தெம்பே வந்தது.

மருந்துகளும் அப்படித்தான். போர்க்கள அனுபவத்தின் பின்விளைவான மன அழுத்த நோய்க்கும், மனச்சோர்வுக்கும், நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் மருந்துகளில் சில எடையை ஏற்றக்கூடியவை. மிர்டாசபின், குவெடியாபின், ஓலன்சபின், காபாபென்டின், வால்ப்ரோயேட் ஆகியவை இதில் நன்கு அறியப்பட்டவை. இவற்றை நீங்களாக நிறுத்திவிடவே கூடாது. ஆனால் எடையைக் கூட்டாத மாற்று மருந்து இருக்கிறதா என்று மனநல மருத்துவரிடம் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. எடை பற்றிய அமர்வில் மருந்துப் பட்டியலும், மனநல மருத்துவரின் அறையில் எடையும் பேசப்பட வேண்டும். போருக்குப் பிந்தைய மன அழுத்த நோய் உள்ளவர்கள் ‘மூவ்’ திட்டத்தில் மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே எடை குறைக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கூட்டமான உடற்பயிற்சிக் கூடத்தில் முதுகைக் காட்டி நிற்பதே அவர்களுக்கு அச்சம் தரும். அவர்களிடம் ஜிம்முக்குப் போங்கள் என்று பொதுவாகச் சொல்லும் பாடம் போதாது. இதைப் பாடநூலின் அடுத்த பதிப்பிலாவது விரிவாகச் சேர்க்க வேண்டும்.

வலியுள்ளவர்களுக்கான பகுதி ஓரளவு நன்றாகவே இருந்தது. நீச்சல் குளத்தில் நடப்பது, நாற்காலியில் அமர்ந்தபடி செய்யும் பயிற்சிகள், ரப்பர் பட்டையால் தசையை வலுவாக்குவது என்று ஓட முடியாதவருக்கும் வழி காட்டுகிறார்கள். வயது முதிர்ந்தவர்களுக்கு ‘ஜெரோஃபிட்’ என்ற தனி உடற்பயிற்சித் திட்டம் சில மருத்துவமனைகளில் உண்டு. 1986இல் வட கரோலினாவின் டர்ஹமில் தொடங்கியது அது. உங்கள் ஊரில் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

புதிய ஊசி மருந்துகளைப் பற்றிக் கேட்காத முன்னாள் வீரர் இன்று இல்லை. செமாக்ளூடைடு 2021இலும், டிர்செபடைடு 2023இலும் எடைக் குறைப்புக்காக அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றன. டிர்செபடைடுக்கு 2024 டிசம்பரில், உடற்பருமனோடு கூடிய ஸ்லீப் ஆப்னியாவுக்கும் ஒப்புதல் கிடைத்தது. வி.ஏ. இத்தகைய மருந்துகளை, ‘மூவ்’ போன்றதொரு வாழ்க்கைமுறைத் திட்டத்தில் சேர்ந்திருப்பதை நிபந்தனையாக வைத்துத்தான் தருகிறது. அந்த நிபந்தனை சிலருக்கு எரிச்சலூட்டுகிறது. எனக்கு அது சரியென்றே படுகிறது. மருந்தால் பசி குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. தசையைக் காக்கப் புரதமும் வலுப்பயிற்சியும் தேவை. மருந்தை நிறுத்தினால் எடை திரும்ப ஏறுவதும் வழக்கமாக நடப்பதே. ஆனால் நிபந்தனையாக வைப்பவர்கள், அமர்வுக்கு இடம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கக் கூடாது.

அறுவைச் சிகிச்சையைக் கடைசி வழியென்று ஒதுக்கிவிடும் போக்கும் எனக்கு ஏற்புடையதல்ல. 2000 முதல் 2011 வரை வி.ஏ. மருத்துவமனைகளில் எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 2,500 பேரை, அதே நிலையில் இருந்தும் செய்துகொள்ளாதவர்களோடு ஒப்பிட்ட ஆய்வில், பத்தாண்டு முடிவில் இறந்தோர் விழுக்காடு செய்துகொண்டவர்களிடம் சுமார் 14 ஆகவும் மற்றவர்களிடம் சுமார் 24 ஆகவும் இருந்தது. அவர்கள் பெரும்பாலும் நடுவயது ஆண்கள், பல நோய்களோடு இருந்தவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கே இந்தப் பலன் என்றால், மிகுந்த உடற்பருமன் உள்ளவரிடம் குழு அமர்வின் நடத்துநர் இந்த வாய்ப்பைத் தயங்காமல் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இழப்பீட்டைப் பற்றியும் ஒரு சொல். உடற்பருமனைத் தனியொரு பணிசார் ஊனமாக வி.ஏ. ஏற்பதில்லை. ஆனால் பணியால் ஏற்பட்ட ஒரு காயம் எடையை ஏற்றி, அந்த எடை நீரிழிவையோ ரத்த அழுத்தத்தையோ உண்டாக்கியிருந்தால், எடையைக் காயத்துக்கும் நோய்க்கும் இடைப்பட்ட கண்ணியாகக் கொள்ளலாம் என்று வி.ஏ.யின் தலைமைச் சட்ட ஆலோசகர் அலுவலகம் 2017இல் கருத்துரைத்தது. வியட்நாம் போரில் காட்டு மரங்களின் இலைகளை உதிர்க்க அமெரிக்கப் படை தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு ரசாயனத்துக்கு ஆளானவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு முன்பிருந்தே பணிசார் நோயாகக் கொள்ளப்படுகிறது. 2022ஆம் ஆண்டுச் சட்டத்தால் உயர் ரத்த அழுத்தமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ‘மூவ்’ அமர்வுகளில் இதைச் சொல்லித் தருவதில்லை, அது அவர்கள் வேலையும் இல்லை. ஆனால் முழங்கால் காயத்துக்குப் பிறகு எடை எப்போது, எவ்வளவு ஏறியது என்ற பதிவு உங்கள் மருத்துவக் கோப்பில் இருப்பது நல்லது. குறிப்பேடும் அமர்வுகளின் பதிவும் அதற்கு உதவும்.

சேர நினைப்பவர்கள் முதல் சந்திப்பிலேயே சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். ஓராண்டில் எத்தனை அமர்வுகள் தருவீர்கள் என்பது முதலாவது. வி.ஏ.யும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து வெளியிட்டுள்ள சிகிச்சை நெறிமுறை, பன்னிரண்டு மாதங்களில் பன்னிரண்டு தொடர்புகளாவது வேண்டும் என்கிறது. அதற்குக் குறைவாகச் சொன்னால் தொலைபேசியிலோ காணொளியிலோ ஈடுசெய்யச் சொல்லுங்கள். பயிற்சி முடிந்த பிறகு என்ன என்பது அடுத்தது. எடை குறைவதைவிடக் குறைந்த எடையைக் காப்பது கடினம். அதற்கான மாதாந்தரக் கூட்டம் எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே ஒழுங்கில் நடப்பதில்லை. எங்கள் குழுவினர் பாடங்கள் முடிந்ததும் கலைந்துவிடாமல், உணவியல் நிபுணரின் சம்மதத்தோடு மாதம் ஒருமுறை எடை பார்க்கவும் குறிப்பேட்டைக் காட்டவும் அதே அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இன்னும் பணியில் இருந்து, விலகும் தேதி நெருங்கிக்கொண்டிருப்பவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். ‘மூவ்’ பாடநூல் வி.ஏ.யின் இணையதளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளும்படி இருக்கிறது. விலகுவதற்கு ஓராண்டுக்கு முன்பே குறிப்பேட்டை எழுதத் தொடங்கி, வி.ஏ.யில் பதிவு செய்யும் அன்றே எடைத் திட்டத்துக்கும் பரிந்துரை கேளுங்கள்.